மலை எந்தப் பக்கம்?

கடலின் குறுக்கே போட்ட தண்டவாளத்தில் வரும் சின்ன ட்ராலி வண்டியிலிருந்து இறங்கியதும் ஸென்ஸி அத்தை செய்த முதல் வேலை, நாலு திசையையும் ஒருமுறை சுற்றிப் பார்த்ததுதான். இந்தப் பக்கம் புல்வெளி, அதற்கப்பால் கடல். அந்தப் பக்கமும் புல்வெளி, அதற்கப்பாலும் கடல். நடுவில் ஒரு மண்மேடு, மேட்டின் தலையில் ஒரு வீடு. அந்த வீட்டில்தான் அவள் மகன் காசியன் மனைவியோடும் மாமனாரோடும் குடியிருக்கிறான்.

"மலை எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

மருமகள் எல்ஸ்கே திருதிருவென்று விழித்தாள். அத்தை டிரோல் மலைப் பள்ளத்தாக்கை விட்டு அறுபது வருடமாக அசையாதவள். பனிச்சரிவு எந்தப் பக்கத்திலிருந்து வருமோ, அந்தப் பக்கத்து அறையில் அவர்கள் ஊரில் யாரும் படுக்க மாட்டார்கள். எங்கே போனாலும் முதலில் மலையைத் தேடி, அதற்கு எதிர்ப்பக்கம் கட்டிலைப் போட்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

"மலையா? நம்மகிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான் சம்பந்தி," என்று எல்ஸ்கேயின் அப்பா ப்ரோடர் தொழுவத்தை ஒட்டியிருந்த ஆட்டுப் புழுக்கைக் குவியலைக் காட்டினார். "இதுவரைக்கும் சரிஞ்சதில்ல."

அத்தை சிரிக்கவில்லை. எல்ஸ்கே தன் வயிற்றைத் தடவிக்கொண்டாள். அந்த வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை.

விஷயம் இதுதான். டிரோல் வீட்டில் மகனுக்கென்று ஒரு தளம் காலியாகக் கிடக்கிறது. கடல் வந்து சுற்றிக்கொள்கிற இடத்தில் பேரப்பிள்ளை வளர்வதா என்று அத்தை ஆறு மாதமாகத் தொலைபேசியில் மகனைத் துளைத்தெடுத்தாள். அம்மாவிடம் மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லாத அந்த உத்தம புத்திரன், "நீயே வந்து பாரும்மா, நீ சொல்றபடி செய்யறோம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டான். எல்ஸ்கே இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. பேசாமல் இருந்து என்ன பயன்? வாக்கு வாக்குதான். இந்தத் தீவை விட்டு எங்கேயும் இருந்து பார்க்காதவள் அவள். இருக்கவும் விரும்பவில்லை.

அத்தையின் மூட்டையிலிருந்து கயிறு, விசில், டார்ச், உப்புக்கண்டம் எல்லாம் வெளியே வந்தன. கடைசியாகத் துணியில் சுற்றிய ஒரு முழு வட்டச் சீஸ், ஆறு கிலோவுக்குக் குறையாது. அதைப் பார்த்ததும் காசியனின் முகம் மாறியது. அவர்கள் வீட்டு வழக்கம் அது. பிள்ளை உண்டான செய்தி வந்த வாரமே ஒரு சீஸ் போட்டு வைப்பார்கள். பிள்ளை எந்த வீட்டில் வளரப்போகிறதோ அந்த வீட்டில் வைத்துத்தான் ஞானஸ்நானத்தன்று அதை வெட்டுவார்கள்.

"ரெண்டு நாளைக்கு ஒருதரம் துடைக்கணும். விட்டுட்டு வந்தா உங்க மாமா மறந்துருவார்," என்றாள் அத்தை, யாரும் கேட்காமலே. "போகும்போது எடுத்துட்டுப் போயிருவேன். நிலவறை எங்க?"

"நிலவறையா? தோண்டினா நண்டுதான் வரும்," என்றார் ப்ரோடர்.

வீட்டைச் சுற்றி வந்து, மேட்டுச் சரிவின் அடியில் பாதி மண்ணுக்குள் புதைந்திருந்த கல் கொட்டகையை அத்தையே கண்டுபிடித்தாள். வலையும் பழைய துடுப்பும் கிடக்கும் இடம். குளுகுளுவென்று இருந்தது. சீஸை அங்கே வைத்துப் பூட்டிவிட்டு வந்தாள்.

அத்தை இருக்கப்போகும் மூன்று நாளும் கடல் பேசாமல் இருந்தால் போதும் என்று எல்ஸ்கே வேண்டிக்கொண்டாள். நவம்பர் மாதத்தில் வடகடலிடம் அப்படி வேண்டுவது, பசித்த ஆட்டிடம் புல்லைத் தின்னாதே என்பது போலத்தான்.

மறுநாள் காலை வானொலி சொல்லிவிட்டது: மாலை மூன்று மணிக்குக் கடல் ஏற்றம், வழக்கத்தைவிட இரண்டு மீட்டருக்கு மேல்.

"இன்னிக்குத் தரை முழுகும்," என்றார் ப்ரோடர், இன்றைக்கு மீன் குழம்பு என்பதைப் போல.

வருடத்துக்குப் பத்துப் பதினைந்து முறை செய்கிற வேலை. யாருக்கும் யாரும் சொல்ல வேண்டியதில்லை. காசியன் ஆடுகளை மேட்டுக்கு ஏற்றினான். ப்ரோடர் டிராக்டரை ஏற்றினார், குப்பைத் தொட்டிகளைக் கட்டினார், குடிநீர்த் தொட்டியின் வாயை மூடினார். எல்ஸ்கே ரொட்டி, அடுப்பு, மருந்து, பத்திரப் பெட்டி எல்லாவற்றையும் மாடி அறைக்குக் கொண்டுபோகத் தொடங்கினாள். நாலு கான்கிரீட் தூண்களின்மேல் நிற்கும் அறை அது. கீழ்வீட்டைக் கடல் பிய்த்துக்கொண்டு போனாலும் அது மட்டும் நிற்க வேண்டும் என்று கட்டியது.

இரண்டு நடை ஏற்றியவள் மூன்றாம் நடையில் திகைத்து நின்றாள். ஏற்றிய மாவு டப்பாவைக் காணோம். பத்திரப் பெட்டியையும் காணோம்.

படியின் நடுவில் அப்பாவின் குரல் கேட்டது.

"சம்பந்தி, அது மேல போகணும்."

"கீழ போகணும்," என்றாள் அத்தை. மாவு டப்பாவின் ஒரு காது அவள் கையில், மறு காது அவர் கையில். "ஆபத்துன்னா கீழதான் இறங்கணும். மேல் தளத்தைத்தான் பனி முதல்ல அடிச்சுட்டுப் போகும். இதுகூடத் தெரியாம எப்படி இத்தனை வருஷம் உயிரோட இருந்தீங்க?"

"மேல ஏறி ஏறித்தான்."

"பத்திரப் பெட்டியை அந்தக் கல் கொட்டகைக்கே கொண்டுபோகலாம்னு வாசல்ல வச்சிருக்கேன்."

"கொண்டுபோங்க. வீடு யார் பேர்லன்னு மீனுங்களும் படிச்சுக்கட்டும்."

விடாக்கண்டன் கொடாக்கண்டன் கதைதான். டப்பாவின் மூடி தெறித்து, படி முழுக்க மாவு கொட்டியது. இருவரும் தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக நின்றார்கள். காசியன் சிரிப்பை அடக்க முடியாமல் தொழுவத்துக்கு ஓடினான். எல்ஸ்கேக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. படியில் உட்கார்ந்து, மாவிலேயே உட்கார்ந்து, "அத்தை, சன்னல் வழியா ஒரு தடவை பாருங்க," என்றாள்.

அத்தை பார்த்தாள். புல்வெளி இருந்த இடத்தில் சாம்பல் நிறத் தண்ணீர். வேலிக் கம்பங்களின் தலை மட்டும் வரிசையாகத் தெரிந்தது. நேற்று வந்திறங்கிய தண்டவாளம் எங்கே என்றே தெரியவில்லை. தூரத்தில் பக்கத்து மேடும் அதன்மேல் ஒரு வீடும் தனியாக நின்றன. அத்தை மாவுக் கையோடு அப்படியே நின்றாள். அவள் வாழ்நாளில் ஆபத்து என்றால் மேலிருந்துதான் வந்திருக்கிறது. அது கீழேயிருந்து, சத்தம் போடாமல், புல் புல்லாக ஏறி வரும் என்று யார் கண்டது?

பிறகு மெல்ல, "சீஸ்," என்றாள்.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. கல் கொட்டகை.

"போனா போகுது. ஒரு சீஸ்தானே," என்று அத்தை சொன்னாள். ஆனால் கண் கொட்டகைப் பக்கமே இருந்தது. எல்ஸ்கேக்கு அப்படி விட மனமில்லை. பிள்ளையின் சீஸ் இந்த ஊர்க் கடலோடு போனால், அதற்குப் பிறகு அத்தையிடம் எந்த வாயால் பேசுவது? அவள் எழுந்து ரப்பர் காலணியைத் தேடினாள்.

"நீ உக்காரு," என்று ப்ரோடர் அதட்டினார். நெஞ்சு வரை வரும் ரப்பர் கால்சட்டையை மாட்டத் தொடங்கியிருந்தார். அறுபத்தெட்டு வயதில் மனிதன் செய்கிற வேலையா அது? கேட்டால் கோபம் மூக்குக்கு மேல் வரும்.

"சும்மா போனா எப்படி? நில்லுங்க," என்றாள் அத்தை. தன் மூட்டையிலிருந்த கயிற்றை எடுத்து அவர் இடுப்பைச் சுற்றி, அக்குளுக்கடியில் ஒரு சுற்று, மார்பில் ஒரு முடிச்சு என்று கண்மூடித் திறப்பதற்குள் கட்டிவிட்டாள். வெளியே வந்து, மறுமுனையைத் தொழுவத்துக் கம்பத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு காலையும் கம்பத்துக்கு முட்டுக் கொடுத்து உட்கார்ந்தாள். "இப்ப போங்க. ஒரு இழுப்பு இழுத்தா நிறுத்துன்னு அர்த்தம். ரெண்டு இழுத்தா உங்களை ஆட்டுக்குட்டி மாதிரி இழுத்துருவேன்."

"பனியில இப்படித்தான் ஆளை இழுப்பீங்களா?"

"பனியில இருக்கிறவன் இவ்வளவு பேச மாட்டான்."

அவர் சரிவில் இறங்கினார். கொட்டகை வாசலில் தண்ணீர் இடுப்பளவு இருந்தது. பூட்டு திறக்க நேரமாயிற்று. உள்ளே போனார், வெளியே வரவில்லை. அத்தையின் கையில் கயிறு இம்மியும் நகரவில்லை. எல்ஸ்கே எண்ணத் தொடங்கினாள். முப்பத்திரண்டு என்று எண்ணும்போது, அப்பா தலையில் சீஸைச் சுமந்துகொண்டு வெளியே வந்தார். ஒரு அலை காலை வாரியது. அவர் சாயுமுன் அத்தை இழுத்தாள், காசியனும் சேர்ந்து இழுத்தான். சீஸ் விழவில்லை. மனிதரும் விழவில்லை.

"வலையெல்லாம் போச்சு," என்று மூச்சு வாங்கினார் ப்ரோடர். "இது மட்டும் மேல் தட்டுல நனையாம உக்காந்திருந்துச்சு, மகாராணியாட்டம்."

மூன்று மணிக்கு நால்வரும் மாடி அறையில் இருந்தார்கள். சீஸ் அலமாரியின் உச்சியில் இருந்தது. ப்ரோடர் காப்பியில் ரம் ஊற்றி மேலே க்ரீம் போட்டுச் சம்பந்திக்கு நீட்டினார். எல்ஸ்கேக்குப் பால். தண்ணீர் வாசற்படிக்கு இரண்டு அடி கீழே நின்றுகொண்டது.

தொலைபேசி அடித்தது. பக்கத்து மேட்டு கோன்கே.

"கால் நனைஞ்சுதா?" என்று கேட்டாள்.

"நனையல. நாலு பேர், முப்பது ஆடு, ஒரு சீஸ்," என்றாள் எல்ஸ்கே.

"சீஸா?"

"அப்புறம் சொல்றேன்." வைத்துவிட்டு அடுத்த மேட்டுக்கு அடித்து, அதே கேள்வியைக் கேட்டாள். அவர்கள் அதற்கடுத்த மேட்டுக்கு அடிப்பார்கள். கடைசி மேட்டிலிருந்து கோன்கேக்கு வந்து சேரும் வரை யாரும் காப்பியை முடிப்பதில்லை.

அத்தை கோப்பையைக் கீழே வைத்தாள். "நாங்களும் இப்படித்தான்," என்றாள். "ஒரு வருஷம் பனியில பாதை பதினோரு நாள் அடைச்சுக் கெடந்துச்சு. தினம் காலைல மேல் வீட்லருந்து கீழ் வீட்டுக்கு ஃபோன் வரும், 'கூரை இருக்கா'ன்னு. ஒருநாள் எங்களுக்கு அஞ்சு நிமிஷம் லேட்டா வந்துச்சு. அந்த அஞ்சு நிமிஷத்தை நான் இன்னும் மறக்கல." பிறகு கோப்பையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள். அவள் என்ன முடிவு செய்தாள் என்று அந்த முகத்திலிருந்து எல்ஸ்கேயால் படிக்க முடியவில்லை.

ஊருக்குக் கிளம்பும் நாளில் தண்ணீர் வடிந்து, தண்டவாளத்தின்மேல் பாசி காய்ந்துகொண்டிருந்தது. ட்ராலி வண்டி தயார். எல்ஸ்கே சீஸைப் புதுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். கைகள் கனத்தன, ஆறு கிலோவைவிட அதிகமாகவே.

"இது எதுக்கு?" என்றாள் அத்தை.

"எடுத்துட்டுப் போறேன்னீங்களே."

அத்தை வண்டியில் ஏறி உட்கார்ந்து, கயிற்று மூட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். மகனைப் பார்க்கவில்லை, மருமகளைத்தான் பார்த்தாள்.

"ரெண்டு நாளைக்கு ஒருதரம் உப்புத் தண்ணியில துடைச்சுத் திருப்பிப் போடு. உப்புத் தண்ணிக்கு உங்க ஊர்ல பஞ்சமில்ல." வண்டி நகர்ந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு திரும்பிக் கைகளைக் குவித்துக் கத்தினாள்: "மேல வை, எல்ஸ்கே. கீழ எங்கயும் வச்சுடாத."