இழுக்க முடியாத விண்டோ

அந்த எக்ஸ்ரே மையத்தில் எவரும் திரையைக் குறை சொல்லக் கூடாது. எங்கும் எழுதி ஒட்டப்படாத இந்த விதியை அனைவரும் கடைப்பிடித்தார்கள். மும்பை செம்பூரில் அம்மையத்தை நடத்தும் வைத்தீஸ்வரன், கணினிகள் அனைத்திலும் லினக்ஸ் இயங்குதளத்தைத் தம் கையாலேயே நிறுவியவர். திரையைப் பழிப்பது அவரைப் பழிப்பதாகும். முன்பு அங்கே வேலை பார்த்த ஜம்பு ஒருமுறை, "சார், படம் மாற மாட்டேங்கறது" என்றான். "மொதல்ல போய் உன் கண்ணைக் காட்டிண்டு வா" என்றார் வைத்தீஸ்வரன். ஜம்பு பிறகு வேலைக்கு வரவில்லை.

படம் மாறாமல் நின்றது உண்மைதான். அடுத்த நோயாளியின் எக்ஸ்ரேயைத் திறந்ததும் விண்டோவின் மேல்பட்டையில் பெயர் மாறிவிடும். கீழே, சில வேளைகளில், முந்தையவரின் படமே உறைந்து நிற்கும். பட்டையில் பெயரை எழுதுவது, திரையில் விண்டோக்களை அடுக்கும் விண்டோ மேனேஜர் என்ற மென்பொருள். படத்தை வரைவது வேறொரு மென்பொருள். இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. விண்டோவின் மூலையைப் பிடித்து லேசாக இழுத்தால் படம் தன்னைப் புதிதாக வரைந்துகொள்ளும். ஊழியர்கள் இழுத்தார்கள், பேசவில்லை. படங்களைப் பார்த்து முடிவு சொல்லும் டாக்டர் சஃப்ரீன்கூட இதை அறியார். தாராவியிலிருந்து வரும் எக்ஸ்ரே டெக்னீஷியன் கிளாரா படத்தைத் திறந்து, இழுத்து, சரிபார்த்த பின்னரே அவர் திரைக்கு முன் அமர்வது வழக்கம்.

அன்று காலை வைத்தீஸ்வரன் விண்டோ மேனேஜரையே மாற்றியிருந்தார்.

"பாத்தேளா டாக்டர்? இனிமே எந்த விண்டோவும் அங்கே இங்கே நகராது. டைல்ஸ் பதிச்ச மாதிரி நிக்கும்."

கிளாரா அடுத்த நோயாளி பிரம்மநாயகத்தின் படத்தைத் திறந்து மூலையை இழுத்தாள். அசையவில்லை. மறுபடியும் இழுத்தாள். பின்னால் வைத்தீஸ்வரன் நின்றுகொண்டிருந்தார். பெயர் மாறியிருந்ததைக் கண்டு, படமும் மாறியிருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு நகர்ந்தாள்.

சஃப்ரீன் பார்த்தார். "நுரையீரல் சுத்தமா இருக்கு. அரே கிளாரா, செயினைக் கழட்டச் சொல்ல மாட்டியா?" கதவைத் திறந்து வெளியே குரல் கொடுத்தார். "அங்கிள், ஒண்ணும் இல்ல. தைரியமா வீட்டுக்குப் போங்க."

இருமலோடு கல்யாணிலிருந்து வந்திருந்த பிரம்மநாயகம் கைகூப்பிவிட்டு எழுந்தார்.

அறிக்கையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த கிளாராவின் விரல்கள் நின்றன. செயினா? எக்ஸ்ரேக்கு அவரை நிறுத்தியவளே அவள்தான். அவர் கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறுகூட இல்லை. திரையை உற்றுப் பார்த்தாள். விலா எலும்புகளின் நடுவே இரண்டு தாலிப் பொட்டுகள் வெள்ளையாகத் தொங்கின. அவருக்கு முன் வந்த ஒல்லியான விஜயராணி, "என்ன ஆனாலும் கழட்ட மாட்டேன்" என்று அடம்பிடித்த அதே தாலி.

கீபோர்டைத் தட்டி வேறொரு விண்டோவுக்குத் தாவி மீண்டும் இதற்கே திரும்பினாள். படம் தன்னைப் புதிதாக வரைந்துகொண்டது. தாலி மறைந்தது. வலது நுரையீரலின் மேற்புறத்தில் எலுமிச்சை அளவுக்கு ஒரு வெண்திட்டு.

வைத்தீஸ்வரன் குனிந்தார். "என்னம்மா இப்படி முழிக்கறே? புதுசோன்னோ, ரெண்டு நாள்ல பழகிடும்."

கண்ணாடிக் கதவை ஒரு கையால் தள்ளிக்கொண்டு, பிரம்மநாயகம் மறுகையால் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். கிளாரா எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

"ஐயா, போவாதீய! டாக்டர் பாத்தது ஒங்க படமே இல்ல!"

காத்திருந்தவர்கள் அனைவரும் திரும்பினார்கள். சஃப்ரீன் திரைக்கு விரைந்தார். கிளாரா வைத்தீஸ்வரனை நேராகப் பார்த்தாள்.

"எங்க கண்ணுல கோளாறு இல்ல சார். ஒங்க ஸ்கிரீன்லதான் கோளாறு. ரொம்ப நாளாவே."