பட்டி பூசிய அடுப்பு

1

இந்தக் கதையைக் கேட்டு வாங்கியது ஒரு பத்திரிகை. குளிர்கால மலருக்கு "கதகதப்பா ஒண்ணு குடுங்க" என்றார் ஆசிரியர். "நீங்க மலையில இருக்கீங்க. பனி இருக்கு, விறகடுப்பு இருக்கு. படிச்சா மனசு உருகணும்." சரி என்றேன். ஆனால் அடுப்பு என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது ஒரே ஓர் அடுப்புதான். அதை நினைத்தால் மனசு உருகுவதில்லை, பற்றிக்கொண்டு வருகிறது. அதைத்தான் எழுதப்போகிறேன். உருக முடிந்தவர்கள் உருகிக்கொள்ளலாம்.

முதல் வரி இப்படித் தொடங்கியது: "கொரியாவின் இஞ்சே மலைகளின்மேல் பனி பூப்பூவாய் இறங்கிக்கொண்

(நிறுத்திவிட்டேன். அந்த வருடப் பனி பூப்பூவாய் இறங்கவில்லை. ஓக்ரான் அக்கா கடையின் தகரக் கூரையை நெளித்துவிட்டுப் போனது.)

2

பாங் ஓக்ரான் உருளைக்கிழங்கு உருண்டை சூப் கடை வைத்திருக்கிறார். கணவர் இறந்த பிறகு, கணவரின் தங்கை மல்சுக்கும் கூட வந்து சேர்ந்துகொண்டார். கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். வீட்டைச் சூடாக்கும் பாய்லருக்கு எண்ணெய் ஊற்றிக் கட்டுப்படியாகாமல் அவர்கள் பழைய விறகடுப்பு ஒன்று வாங்கினார்கள். விற்றவர் பியோ. நெடுஞ்சாலை ஓரத்தில் பழைய அடுப்பு, பாய்லர், விறகு பிளக்கும் இயந்திரம் எல்லாம் வாங்கி விற்கும் முற்றம் அவருடையது.

"புதுசு தோத்துடும்க்கா" என்று அடுப்பின் முதுகில் தட்டினார். கன்னங்கரேலென்று மின்னியது.

முதல் முறையாக அதை மூட்டிய காலையில், கடை திறக்குமுன், மல்சுக் அதன் பக்கத்தில் உட்கார்ந்து கிழங்கு துருவிக்கொண்டிருந்தார். தலை வலிக்கிறது என்றார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. மடியில் துருவியோடு சரிந்து கிடந்தவரை ஓக்ரான் அக்காவும் நானும் வெளியே இழுத்துப் பனியில் போட்டோம். விஷப்புகை. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்துப் பிழைக்கவைத்தார்கள்.

(ஒரு வரைவில் மல்சுக்கைச் சாகடித்திருந்தேன், கதைக்கு வலு சேரும் என்று. ஓக்ரான் அக்கா அதைப் படித்துவிட்டுப் போய் வத்தி வைத்துவிட்டார். மாவுக் கையோடு வந்து நின்றார் மல்சுக்.

"என்னைக் கொன்னுட்டியாமே?"

"கதையிலதானே அக்கா..."

"நான் உசிரோட இருந்தா அவன் பண்ணது தப்பில்லன்னு ஆயிடுமா? ஒரு பொணம் விழுந்தாத்தான் உன் வாசகருக்குக் கோபம் வருமா?"

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். அவர் உயிரோடு இருக்கிறார். கோபப்படுவது உங்கள் பொறுப்பு.)

3

ஓக்ரான் அக்கா பியோவிடம் போனார். நானும் கூடப் போனேன். பியோ நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"என்ன விறகு போட்டீங்க?"

"ஓக் மரம். நல்லாக் காஞ்சது."

"காஞ்சதுன்னு நீங்க சொல்றீங்க. பச்சையா இருந்திருக்கும். அடுப்பு என்னக்கா பண்ணும், பாவம்? ரெண்டு பொம்பளைங்க நெருப்பு மேய்ச்சா இப்படித்தான். ஒரு ஆம்பளையைக் கூப்பிட்டு மூட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

அவர் சொன்னதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். எனக்குப் பொறுக்காதது அடுத்து நடந்தது. ஓக்ரான் அக்கா அதை நம்பினார்.

கணவர் இருந்த காலத்திலும் அந்த வீட்டில் விறகு பிளந்து அடுக்கியது அக்காதான். அவை இரண்டு கோடை வெயில் பார்த்த கட்டைகள். ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்றன. அவரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டார். கேட்டுவிட்டும், "நான்தான் எதையோ தப்பா பண்ணியிருக்கேன் போல" என்றார். மல்சுக்கின் படுக்கை ஓரத்தில் போய் மன்னிப்புக் கேட்டார்.

"சும்மா இருங்க அண்ணி, எனக்குத் தலை இன்னும் சுத்துது" என்றார் மல்சுக்.

பட்டறிவு இருக்கும் ஒரு மனுஷியைத் தன் காதையே சந்தேகிக்கவைக்க எவ்வளவு நேரம் ஆகிறது? நாற்காலியில் சாய்ந்தபடி நாலு வாக்கியம். அவ்வளவுதான்.

4

(இந்த இடத்தில் அக்காவுக்குத் திடீரென்று உண்மை விளங்கியதாக எழுதப் பார்த்தேன். அப்படி ஒன்றும் விளங்கவில்லை. அடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று வெளியே இழுத்தார். கொடுக்கிற பொருளைத் துடைத்துக் கொடுக்க வேண்டுமே என்று கம்பி பிரஷ் போட்டார். இவ்வளவு மரியாதை அந்த ஆளுக்கு.)

முதுகுப் பக்கம் பெயிண்ட் உரிந்தது. உள்ளே சாம்பல் நிறப் பட்டி. கார் நசுங்கினால் பூசித் தேய்ப்பார்களே, அது. சூட்டில் பொரிந்து, தொட்டால் உதிர்ந்தது. அதற்கும் உள்ளே, ஒரு சாண் நீளத்துக்கு விரிசல்.

"மல்சுக்! இங்க ஓடி வா!"

மல்சுக் குனிந்து பார்த்தார். "நகம் நுழையுது அண்ணி."

"மறைச்சு வித்திருக்கான்."

"பச்சை விறகுன்னானே, அந்த..." என்று தொடங்கி மல்சுக் சொன்னதைப் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

திருப்பிக் கொடுத்தால் மறுபடி பட்டி பூசி இன்னொருவர் தலையில் கட்டுவான். புதிது வாங்க வழியில்லை. நாமே சரிபண்ணுவோம் என்றார் அக்கா. வாலிபத்தில் இஞ்சோன் நகரத் தொழிற்சாலையில் ட்ரில் பிடித்த கை அது. வார்ப்பிரும்பில் சாதா வெல்டிங் நிற்காது, ஆறும்போது பக்கத்திலேயே விட்டுக்கொள்ளும். அதனால் விரிசல் மேலே ஓடாமலிருக்க அதன் இரண்டு முனையிலும் சின்னத் துளை போட்டார். உள்பக்கம் அடுப்புச் சிமெண்ட் அப்பி, இரும்புக் கடையில் பொறுக்கிய கனத்த தகட்டை வைத்து போல்ட் முடுக்கினார். கதவுக்குப் புதுக் கண்ணாடி இழைக் கயிறு. கதவிடுக்கில் காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார்ப்பது மல்சுக்கின் வேலை.

"வழுக்கிட்டு வருது அண்ணி."

"அப்ப அந்தப் பக்கம் கயிறு பத்தல. எடு."

வெளியிலேயே வைத்து மூட்டி, மூட்டுக்கு மூட்டு ஊதுபத்தி காட்டினார்கள். ஊதுபத்திப் புகை எங்கும் உள்ளே இழுபடவில்லை, ஓட்டை இல்லை. அதன் பிறகுதான் கடைக்குள் கொண்டுபோனார்கள். சுவரில் விஷப்புகை வந்தால் அலறும் அலாரமும் ஏறியது. அடுப்பு இன்றைக்கும் நன்றாக எரிகிறது.

5

கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு காலை, ஊர் ஒலிபெருக்கியில் ஊர்த்தலைவர் அறிவித்தார்: முதியோர் கூடத்துக்கு பியோ ஓர் அடுப்பு நன்கொடை தருகிறார்.

ஓக்ரான் அக்கா கம்பி பிரஷ்ஷோடு போனார். கூடத்து வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டி நின்றது அடுப்பு. யாரையும் கேட்கவில்லை. பின்னால் போய்த் தேய்த்தார். பெயிண்ட், பட்டி, விரிசல். அதே வரிசை.

அன்று மாலை கூட்டம் போட்டார்கள். பியோவை விசாரிக்க என்று நினைத்துக்கொண்டு போனேன்.

"ஒரே ஊர்ல இருக்கோம்" என்றார் ஊர்த்தலைவர். "தினமும் மூஞ்சியைப் பார்த்துக்கணும். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடும்மா, முடிஞ்சுது."

"நானா? எதுக்கு?"

"நன்கொடை குடுத்த பொருளைச் சுரண்டினதுக்கு."

"பட்டி பூசினதுக்கு யாரு கேப்பா?"

"வார்ப்புன்னா மயிர்க்கோடு இருக்கத்தான் செய்யும்" என்றார் பியோ. "அக்காவுக்குத் தெரியல, விடுங்க."

அப்போது பியோவின் அம்மா எழுந்தார். அந்தக் கூடத்தில் தினமும் பூப்படச் சீட்டு ஆடுகிறவர். "என் புள்ள குடுத்த அடுப்பு. உங்களுக்கு வேணாம்னா வீட்டுக்குப் போங்க. நான் ஒருத்தி பக்கத்துல உக்காந்துக்கறேன். நாளைக்கே மூட்டுங்க!"

பியோ தரையைப் பார்த்தார். வேண்டாம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் விரிசலை ஒப்புக்கொண்டதாகும். அவர் சொல்லவில்லை.

6

முடிவு ஒன்று: பியோ தேம்பி அழுது அக்காவின் கையைப் பிடித்துக்கொள்கிறார். (இதை எழுத என் கை வரவில்லை.)

முடிவு இரண்டு: கிழவி அடுப்பின் பக்கத்தில் உட்காருகிறார், பிறகு (இதையும்.)

நடந்தது இது. மறுநாள் காலை, கிழவி வருமுன், அக்காவும் மல்சுக்கும் ட்ரில்லும் தகடுமாகக் கூடத்துக்குப் போனார்கள்.

"அவனுக்காகவா அக்கா போறீங்க?" என்று கேட்டேன்.

"அவன் நாசமாப் போகட்டும். அந்தக் கிழவி பிடிவாதக்காரி, நெசமாவே உக்காந்துடும்."

மதியம்வரை வேலை. பியோ பாக்கெட்டில் கைவிட்டபடி வந்து நின்றார். அடுப்பு நன்றாக எரிந்தது. கிழவி முதல் ஆளாக உட்கார்ந்து சீட்டைக் குலுக்கினார். அரிசிக் கள் சுற்றி வந்தது.

"பார்த்தீங்களா? சின்ன ரிப்பேர். இதுக்குப் போய் என்னா கலாட்டா!" என்றார் பியோ. எல்லோரும் சிரித்தார்கள். கைதட்டினார்கள். பியோ அவர்களின் நன்கொடை சிறப்பாக எரிகிறது என்று ஒலிபெருக்கி மலைக்கெல்லாம் கேட்கச் சொன்னது.

இதுதான் அந்த ஆசிரியருக்குப் பிடித்த முடிவாக இருக்கும். ஊரே குளிர்காய்கிறது. சிமெண்டில் விரல் வெந்த இரண்டு பேர் மட்டும் கலாட்டாக்காரிகள்.

அக்கா கிளம்பும்போது பியோவிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"மன்னிப்பெல்லாம் எனக்கு வேணாம். நீயே மைக்குல சொல்லு, நான் வித்த அடுப்புல விரிசல் இருந்துச்சு, எனக்குத் தெரியும்னு. இந்தப் பள்ளத்தாக்குல எத்தனை வீட்டுல உன் அடுப்பு எரியுதோ, அவங்க போய் அது முதுகைப் பார்ப்பாங்கல்ல?"

"பார்க்கலாம்க்கா" என்றார் பியோ.

7

நாங்கள் மூவரும் வீடு வீடாகப் போய்ச் சொன்னோம். சிலர் சுரண்டிப் பார்த்தார்கள். பலர், பியோ ஒன்றும் சொல்லவில்லையே என்று கதவைச் சாத்தினார்கள்.

ஆகவே இந்தக் கதையை முடிக்கத் தேவையான வாக்கியம் என்னிடம் இல்லை. அவரிடம் இருக்கிறது. கீழே இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் நல்ல மனசோடு அதை நிரப்பிவிடாதீர்கள். நீங்கள் நிரப்பினால் அவர் தப்பித்துவிடுவார்.

பியோ: "                                        "