நாய்க்குப் பதினொரு பக்கம்

சிற்பியிடம் சொல்லிச் செய்து வாங்கிய நாய், வீட்டுக்கு வந்த நான்காம் நாளிலிருந்து முடி உதிர்த்தது. ஃபைபர் உடல், ரெசினில் வார்த்த கண், ஊசியால் ஒவ்வொன்றாக நட்ட முடி. ஐந்து மாத வேலை. லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டில், பழைய நாய் படுத்திருந்த ஜன்னலடியிலேயே அது படுத்திருந்தது. பழைய நாய் பதினான்கு வருடம் இருந்து மூப்பில் செத்துப்போனது. அத்தனை வருடமும் அதன் முடியைப் பெருக்கியவள் மெக்கானிக்கின் மனைவி. இனிப் பெருக்க வேண்டாம் என்று அவள் நினைத்தது மூன்று நாள்தான். கால்நடை மருத்துவர் வந்து பார்த்து, வெயில் காலத்தில் உதிர்வது சகஜம் என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு தடுப்பூசியும் போட்டார். மாநகராட்சி ஆள் உரிமத்தைப் புதுப்பிக்கச் சொன்னார். புதுப்பித்தார்கள். தண்ணீர்க் கிண்ணத்தில் தினம் இரண்டு விரலளவு குறைந்தது.

முடி அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. அவளை அரித்தது படிவம். அந்தச் சிற்பி பேர்பெற்ற பெண்மணி. போட்டோவை மட்டும் வைத்து எதையும் செய்ய மாட்டார். ஆர்டர் கொடுக்க வருகிறவர் கையில் நான்கு பக்கப் படிவம் ஒன்றைத் தருவார். எந்தக் காது முதலில் திரும்பும், தூங்கும்போது வாய் திறந்திருக்குமா, கோபம் உடம்பில் எங்கே தெரியும் என்று முப்பது கேள்விகள். மெக்கானிக் பள்ளிக்கூடம் விட்ட பிறகு கையெழுத்தைத் தவிர எதையும் எழுதாதவர். படிவம் போதாமல் தாள் ஒட்டிப் பதினொரு பக்கம் எழுதினார். இடது கண்ணின் ஓரத்தில் தேன் நிறத்தில் ஒரு புள்ளி இருப்பது, மழைக்கு முன் வலது முன்கால் மடங்குவது, அவர் வரும் லிஃப்டின் சத்தம் மட்டும் அதற்குத் தெரிவது. நகலை அலமாரியில் பார்த்தவள் நின்றபடியே முழுவதையும் படித்தாள்.

அவள் வேலை கண்ணாடிக் கடையில். லென்ஸ் பொருத்துவதற்கு முன் இரண்டு கருமணிக்கும் இடையில் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதுவாள். ஊரில் பாதிப் பேருடைய கண் அவளுக்குத் தெரியும். தன் கண்ணைத் தெரிந்தவர் ஒருவராவது இருக்க வேண்டும், அவர் இந்த வீட்டில் இருக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். அன்று சாப்பிடும்போது அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, என் கண் என்ன நிறம் என்று கேட்டாள். அவர் ரசத்தை ஊற்றிப் பிசைந்தார்.

"கண்ணு நிறம்தான்" என்றார்.

ஒரு நாள் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள். மெக்கானிக் வேலையிலிருந்து வந்தவர், செருப்பைக் கழற்றுமுன், நாய்க்குத் தாகம் என்றார். அதே வாரம் அவள் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தாள். அவர் தங்கை வந்து சொல்லித்தான் அது அவருக்குத் தெரிந்தது. அந்த நாத்தனார் வாய்த்துடுக்கு. நாயைத் தடவிக்கொண்டே, "என்ன அண்ணி, சக்களத்தியப் பார்க்கற மாதிரி முறைக்கறீங்க?" என்றாள்.

"சக்களத்தின்னா முடியப் பிடிச்சு இழுக்கலாம். இதுக்குத் தானாவே கொட்டுதே."

காய்ச்சல் விட்டதும் அவள் சிற்பியிடம் போனாள். தன்னைச் செய்துதரச் சொன்னாள். படிவத்தை அங்கேயே உட்கார்ந்து நிரப்பப் பேனாவையும் எடுத்தாள். சிற்பி பேனாவை வாங்கி மூடி வைத்தார்.

"உங்களப் பத்தி நீங்களே எழுதக் கூடாதும்மா. கூட இருக்கறவங்க எழுதணும்."

"அவருக்கு எழுத வராதுங்க."

"பதினோரு பக்கம் எழுதினாரே."

படிவம் நாற்பது நாள் மெக்கானிக்கின் கருவிப் பையில் கிடந்து கிரீஸ் ஏறியது. நாற்பத்தொன்றாம் நாள் அவர் அதை உறையில் போட்டு ஒட்டினார். அவள் பிரிக்கவில்லை. எத்தனை வரி என்பதை சிற்பி போனில் சொன்னார். ஒன்பது.

ஏழு மாதம் கழித்து சிலை துணி சுற்றி வந்தது. மெக்கானிக்கும் நாத்தனாரும் பார்த்துக்கொண்டிருக்க சிற்பி துணியை அவிழ்த்தார். அவளேதான். அடுப்பின் முன் நிற்கிற நிலை, எடை இடது காலில், வலது குதிகால் லேசாகத் தூக்கி. கொண்டையில் அவள் கடையிலிருந்து எடுக்க மறந்து வரும் பென்சில். பிடரிக்குக் கீழே, வலப்பக்கம், கடுகளவு ஒரு மச்சம். அவள் முன்பக்கம் வந்தாள். நெற்றியிலிருந்து மோவாய் வரை முட்டை மாதிரி வழவழவென்று இருந்தது. எழுதியதைத்தான் செய்தேன், ஒன்பது வரியும் பின்பக்கம்தான் என்று சொல்லிவிட்டு சிற்பி துணியை மடித்தார்.

"இருபத்திரண்டு வருஷத்துல நான் திரும்பினதே இல்லையா?" என்று அவள் கேட்டாள்.

மெக்கானிக் தரையைப் பார்த்தார். "நீ எல்லார் கண்ணையும் அளக்கறவ. நேரா பார்த்தா என்னையும் அளந்துடுவியோன்னு இருக்கும். நீ அந்தப் பக்கம் திரும்பி நின்னா பயமில்லாம பார்ப்பேன்."

மறுநாள் கடையில் முகம் பார்க்கும் கண்ணாடிகள் இரண்டை எதிரெதிரே பிடித்துப் பார்த்தாள். மச்சம் இருந்தது. நாற்பத்தாறு வயதுவரை அவளுக்குத் தெரியாத மச்சம். அன்றோடு நாயின் மேலிருந்த பொறாமை தீர்ந்து, சொந்த முதுகின் மேல் வந்தது. இத்தனை வருடம் அது அனுபவித்ததையெல்லாம் அவள் முகம் அல்லவா பெற்றிருக்க வேண்டும்? ஆள் வைத்து அடுப்பை எதிர்ச்சுவருக்கு மாற்றினாள். இப்போது சமைத்தால் முகம் கூடத்தைப் பார்த்தது. மெக்கானிக்குக் கொஞ்ச நாள் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு தட்டிலிருந்து தலையைத் தூக்கினார், ஒரு வாய்க்கு ஒரு தடவை.

இரண்டாம் வருடம் சிலைக்கு இடது புருவம் வந்தது. நான்காம் வருடம் மூக்கு, அதில் சின்ன வயதில் விழுந்த தழும்போடு. சிற்பி வந்து தடவிப் பார்த்து, இது தன் கைவேலை இல்லை, ஆனால் குறை சொல்ல ஒன்றும் இல்லை என்றார். ஏழாம் வருடம் கண்கள் வந்தன. காய்ந்த புளியங்கொட்டையின் நிறம். அந்த வாரம் மெக்கானிக் சிலையின் எதிரே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்ததை அவள் பார்த்தாள். மறுநாள் வண்டி பிடித்து அதைக் கடைக்குக் கொண்டுபோய் வைத்தாள். வீட்டில் பார்ப்பதற்கு ஒருத்தி போதும் என்றாள்.

சிலை ஷோகேஸில் புது ஃப்ரேம்களைப் போட்டுக்கொண்டு நின்றது. வாய் மட்டும் இல்லை. கண்ணாடி வாங்க வந்தவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அடுத்த வருடம் ஒரு புதன்கிழமை அவள் கடைக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாள். மெக்கானிக்கும் அன்று வேலைக்குத் தாமதம். அவள் வருவதற்குள் சிலைக்கு வாய் வந்திருந்தது. முதலாளி தள்ளி நின்று பார்த்தார். லேசாகச் சிரிக்கிற மாதிரி இருப்பதால் ஃப்ரேம் இன்னும் எடுப்பாகத் தெரிகிறது என்று சொல்லிவிட்டு, ஷட்டரை முழுசாகத் தூக்கினார்.