சம்பந்தியின் பெட்ரோல்

என் மகனைத் திருடன் என்று சொன்னவர் வேறு யாராவதாக இருந்திருந்தால், எங்கள் பட்டறையிலிருந்து முழுசாக வெளியே போயிருக்க மாட்டார். சொன்னவர் சம்பந்தி. என் பெண் அவர் வீட்டில் வாழ்கிறாள்.

"கார் பெட்ரோல் டேங்க் மூடிய மாத்தினான், காசு வாங்கினான். மஞ்ச விளக்கு மறுபடி எரியுது. ஏமாத்தறதுதான் உங்க குடும்பத் தொழிலா சம்பந்தி?"

வண்டிக்காகக் காத்திருந்த நாலு பேர் காதிலும் விழும்படிதான் கேட்டார். சட்டைக்கு இருந்த மடிப்பு அவர் பேச்சுக்கு இல்லை. மாற்றும்போது பழைய மூடியின் ரப்பர் வெடித்திருந்ததை நானே பார்த்தேன்.

"அப்பா, விடுங்க" என்றான் மகன்.

"நீ வண்டியப் பாரு. மனுஷன நான் பாத்துக்கறேன்."

டேங்க்கில் கிளம்பும் பெட்ரோல் ஆவி காற்றில் கலக்காமல் எஞ்சினுக்குப் போக ஒரு தனிக் குழாய் உண்டு. அதில் கோளாறு என்றால் அந்த விளக்கு எரியும். மகன் அந்தக் குழாய்க்குள் மெஷினால் புகை விட்டு, டார்ச் அடித்து மூடி, வால்வு, இணைப்புகள் எல்லாவற்றையும் பார்த்தான். எங்கும் புகை கசியவில்லை.

"என்ன, கொசு மருந்து அடிக்கிறானா?" சம்பந்தி சிரித்தார்.

வண்டிக்கு அடியிலிருந்த கரி டப்பாவை மகன் கழற்றினான். ஆவியைப் பிடித்து வைக்கும் கரி. உலர்ந்து, லேசாக இருக்க வேண்டும். இதையோ இரண்டு கையாலும் தாங்கி இறக்கினான். சாய்த்ததும் பெட்ரோல் கொட்டியது. ஒரு கேனில் பிடித்தான்.

"மாமா, பங்க்ல பம்பு தானா நின்னப்புறமும் ஊத்தச் சொல்வீங்களா?"

"பின்னே? வண்டிய நல்லா ஆட்டி, கழுத்து வரைக்கும் ஊத்த வெப்பேன். எங்கள எவனும் ஏமாத்த முடியாது."

"அந்த மிச்சம்தான் மாமா இது. ஆவி போற வழியில பெட்ரோலே போயிருக்கு. கரி ஊறி வீணாப் போச்சு."

காத்திருந்தவர்களில் ஒருவர் இருமலில் சிரிப்பை மறைத்தார். சம்பந்தி என் பக்கம் நகர்ந்து குரலைத் தாழ்த்தினார். "மருமக காதுக்குப் போக வேணாம்."

"போகாது. ஆனா நாலு பேர் கேக்கச் சொன்னத, நாலு பேர் கேக்கவே திருப்பி எடுத்துக்குங்க."

"பையன் மேல தப்பில்ல" என்றார், கார் கதவைப் பார்த்து.

"கேக்கல."

"தப்பில்ல சம்பந்தி!"

புது டப்பா மாட்டி, விளக்கு அணைந்ததும் கேனை அவரிடம் நீட்டினேன். "உங்க பெட்ரோல்."

கூசிப்போய்த் தள்ளிவிடுவார் என்று நினைத்தேன். வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அளவு பார்த்தார்.

"இவ்வளவுதான் இருந்துச்சா?"

வாசல் வரை போய் வழியனுப்பினேன். சம்பந்தியாயிற்றே.