நேர்காணலுக்கு வந்தவர்கள்

"ஏங்க, கிஷன இண்டர்வியூவுக்குக் கூப்புட்டிருக்காங்க."

கமலநாதன் வாசல்படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. திரும்பிப் பார்த்தார். லோகேஸ்வரி சமையலறை வாசலில் மகனுடைய போனை இரண்டு கைகளாலும் பிடித்தபடி நின்றாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். அதைப் பார்த்து எவ்வளவோ நாளாகிவிட்டது. ஆனாலும் அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. கிஷன் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

கொசுக்கடியில் வந்த டிங்கிக் காய்ச்சல். செமஸ்டர் விடுமுறைக்குக் கிள்ளான் வீட்டுக்கு வந்தவன் வெறும் உடம்பு வலி என்றுதான் சொன்னான். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி நண்டு சூப் கொண்டுவந்து கொடுத்தாள். லோகேஸ்வரி பப்பாளி இலையைப் பிழிந்து கொடுத்தாள். மருத்துவமனையில் டாக்டர்கள் செய்யாதது ஒன்றுமில்லை. ரத்தத்தில் ஏதோ ஒரு அணுவின் கணக்கு ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் இறங்கிக்கொண்டே போனது. துறைமுகத்திலிருந்து சுங்கை பூலோவுக்குக் கண்டெய்னர் இழுக்கும் கமலநாதன், எத்தனையோ மழையிலும் மேட்டிலும் லோரியைப் பிரேக் போட்டு நிறுத்தியவர். அந்த இறக்கத்தில் மட்டும் அவர் கால் வைக்க ஒரு பெடல் இருக்கவில்லை.

சாவுக்கு அவனோடு படித்த கூட்டாளிகள் வேன் பிடித்து வந்தார்கள். விரிவுரையாளர் ஒருவரும் வந்து ஓரமாக நின்றுவிட்டுப் போனார். பல்கலைக்கழகத்துக்கு அவர்கள் சொல்லியிருப்பார்கள் என்று கமலநாதன் நினைத்தார். அவர் சொல்லியிருப்பார் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை. அதனால் திங்கட்கிழமைதோறும் காலையில், ரைஸ் குக்கருக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடக்கும் அந்தப் போன் 'டிங்' என்று ஒலித்தது. மாணவர் விவகாரப் பிரிவிலிருந்து மின்னஞ்சல். இந்த வாரம் வளாகத்தில் என்னென்ன நடக்கிறது, எதற்கெல்லாம் விண்ணப்பிக்கலாம் என்று.

லோகேஸ்வரி ஷா ஆலாமில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஓப்பரேட்டராக இருந்தவள். ஆங்கிலத்தை உதடு அசைத்துத்தான் படிப்பாள். ஆனால் ஒரு வரி விடமாட்டாள். இரவு சோற்றைப் போட்டுக்கொண்டே சொல்வாள். "பொதன்கெழம ரத்த தானமாம். போன வருசம் குடுத்தான்ல?" இன்னொரு நாள், "பூப்பந்துப் போட்டிக்கி ஆள் எடுக்கறாங்க." அப்புறம், "வேலைக்கிப் போறப்ப எப்படிப் பேசணும்னு சொல்லித் தராங்களாம், ஃப்ரீயாவே." எதையும் அவள் அழுதுகொண்டு சொல்வதில்லை. அதுதான் கமலநாதனுக்குப் பயமாக இருந்தது. அவர் தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். நிறுத்தச் சொல்லவும் வாய் வரவில்லை, கேட்டுக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

ஆனால் இண்டர்வியூ வேறு.

"என்ன இண்டர்வியூ?" என்றார்.

"ஜப்பான்ல ஒரு செமஸ்டர் படிக்கறதுக்கு. சொல்லிக்கிட்டே இருப்பானே. நெறையா பேரு போட்டதுல கொஞ்சம் பேரத்தான் கூப்புட்டிருக்காங்க."

"அவன் அதுக்கு அனுப்பலையே. காய்ச்ச கொறஞ்சதும் அனுப்பறேன்னு ஆஸ்பத்திரியில வச்சுத்தானே சொன்னான்."

லோகேஸ்வரி போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "எல்லாம் எழுதி முடிச்சுத்தான் வச்சிருந்தான். அனுப்பறது மட்டுந்தான் பாக்கி. கடைசி நாளு, கடைசி நாளுன்னு ஈமெயில் வந்துக்கிட்டே இருந்துச்சு. அமுக்கிட்டேன்."

"லோகா, அது இன்னொரு புள்ளையோட எடம்."

"தெரியாதா எனக்கு? அவன் போவப்போறதில்லன்னு தெரியாதா?" குரல் முதல் தடவையாக உடைந்தது. "செலக்ட் ஆவானா, மாட்டானான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். வேற ஒண்ணும் வேணாம்."

பூட்ஸைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் துறைமுக வாசலில் லோரிகள் வரிசை பிடித்து நின்றன. எஞ்சினை அணைத்துவிட்டு, முந்தின இரவு மின்னஞ்சலின் அடியிலிருந்து குறித்துவந்த எண்ணுக்கு அழைத்தார். ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் வரவேற்றது. மாணவர் சேர்க்கைக்கு ஒன்றை அமுக்கு, விடுதிக்கு இரண்டை அமுக்கு என்று அடுக்கிக்கொண்டே போனது. எதை அமுக்குவது? இந்த இரண்டு மாதத்தில் அந்தச் செய்தியை மலாயில் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பழகியிருந்தார். மருத்துவமனையில், பதிவு இலாகாவில், அவனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிய கடையில். ஆனால் ஒரு இயந்திரம் பாட்டு போட்டுக் காக்கவைக்கும்போது அதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. பாட்டு முடிந்து மறுபடி ஆரம்பித்தது. முன்னால் இருந்த லோரி நகர்ந்தது. போனை வைத்துவிட்டார்.

நேரில் போய்ச் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று முடிவு செய்தார். இண்டர்வியூ அன்று லீவு எடுத்தார். காரை வெளியே எடுத்தபோது லோகேஸ்வரி புடவை கட்டிக்கொண்டு, கைப்பையோடு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"நான் சொல்லிட்டு வரேன் லா. நீ எதுக்கு?"

"சொல்லுங்க. நானும் கேக்கறேன்."

பெடரல் நெடுஞ்சாலை முழுக்க நெரிசல். சொல்ல வேண்டியதை அவர் மனசுக்குள் ஓட்டிக்கொண்டே வந்தார். மன்னிச்சிருங்க, தப்பா அனுப்பிட்டோம், அந்த எடத்த வேற பிள்ளைக்கிக் குடுங்க. மூன்றே வாக்கியம்.

வளாகத்துக்குள் அவர்கள் வருவது இது இரண்டாம் தடவை. முதல் தடவை வந்தது அவனை விடுதியில் விட. அப்போது கவனிக்காத பதாகைகள் இப்போது கண்ணில் குத்தின. வேலி முழுக்க நிகழ்ச்சிகள். தன்னார்வலர்கள் தேவை, நடன இரவு, வேலைவாய்ப்புச் சந்தை, சரவாக் பயணம். எல்லாவற்றிலும் சிரிக்கும் முகங்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இனிமேல் வரப்போகும் ஏதோ ஒரு தேதி.

நேர்காணல் இரண்டாம் மாடியில். தாழ்வாரத்து நாற்காலிகளில் வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகள் தங்களுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சுவரைப் பார்த்துச் சிரித்துப் பழகிக்கொண்டிருந்தாள். மேசைக்குப் பின்னால் கழுத்தில் அட்டை தொங்க ஒரு தமிழ்ப் பெண். மாதவி என்று போட்டிருந்தது. இவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"வாங்க அங்கிள், வாங்க ஆன்டி. யாரோட பேரண்ட்ஸ்?"

"கிஷன்," என்றாள் லோகேஸ்வரி.

"ஐயோ, கிஷனா!" அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. "நேத்துகூட புரொஃபசர் அவரப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருந்தாரு. அவரு எங்க அங்கிள், கார் பார்க் பண்றாரா? அடுத்தது அவருதான்."

மூன்று வாக்கியத்தையும் சொல்ல அவர் வாயைத் திறந்தார். அந்தப் பெண் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருந்திருந்தால் அவனும் இந்த வரிசையில் இப்படிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

"கொஞ்சம் உக்காந்துக்கறோம்மா," என்றார் கமலநாதன். அவருக்கே அவர்மேல் வெறுப்பாக இருந்தது.

இரண்டு காலி நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். பக்கத்திலிருந்த மலாய்ப் பையன் மரியாதையாகக் காலை மடக்கி வழிவிட்டான். லோகேஸ்வரி அந்தப் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தாள். யாரோடு யாரை ஒப்பிடுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. இப்போது போய்ச் சொல்லிவிடலாம், இப்போது சொல்லிவிடலாம் என்று அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. பூப்போட்ட பாத்தேக் சட்டை அணிந்த, தாடி நரைத்த ஒரு பேராசிரியர் தலையை நீட்டி, கையிலிருந்த தாளைப் பார்த்து, பெயரை முழுதாக வாசித்தார்.

"கிஷன் அனாக் லெலாக்கி கமலநாதன்."

மகன் பெயரோடு தன் பெயரும் சேர்ந்து, கமலநாதனின் மகன் என்று மலாயில், அந்தத் தாழ்வாரத்தில் ஒலித்ததும் கமலநாதன் எழுந்து நின்றுவிட்டார். ஏன் எழுந்தார் என்று பிறகு யோசித்தபோதும் அவருக்குத் தெரியவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பேராசிரியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, எழுந்து நின்றவரின் நரைத்த மீசையையும் எண்ணெய்க்கறை போகாத விரல்களையும் பார்த்து, புரியாமல் லேசாகச் சிரித்தார்.

"நான் அவனோட அப்பா, புரொஃபசர்," என்றார் கமலநாதன் மலாயில். தயார் செய்து வைத்திருந்தது எதுவும் வரவில்லை. "அவன் இல்லை. இறந்துபோயிட்டான்."

சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த பெண் நிறுத்திவிட்டாள். மாதவி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பேராசிரியர் தாளைக் கீழே இறக்கினார். பிறகு கதவை அகலமாகத் திறந்து, "உள்ளே வாருங்கள், என்சிக். புவான், நீங்களும்," என்று இருவரையும் மரியாதையாக அழைத்தார்.

அறையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார்கள். ஒருவர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினார். கமலநாதன் மன்னிப்புக் கேட்டார், எப்படி நடந்தது என்று சொன்னார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

லோகேஸ்வரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். "நல்லா எழுதியிருந்தானா?" என்று மலாயில் கேட்டாள்.

"மிக நன்றாக எழுதியிருந்தார், புவான்."

"எடுத்திருப்பீங்களா?"

பேராசிரியர் மற்ற இருவரையும் பார்த்தார். 'ஆமாம்' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்வார் என்றுதான் கமலநாதன் நினைத்தார், சொல்லிவிட வேண்டும் என்று உள்ளுக்குள் கெஞ்சினார். ஆனால் அவர் பொய் சொல்லத் தெரியாதவராக இருந்தார்.

"நேரில் பேசாமல் அதைச் சொல்ல முடியாது, புவான். இங்கே வந்திருக்கும் எல்லோருமே நன்றாக எழுதியவர்கள்தான். மன்னிக்க வேண்டும்."

அவள் தலையாட்டினாள், கேட்ட சாமான் முடிந்துவிட்டது என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டுவதைப் போல.

பேராசிரியர் கோப்பைத் திருப்பி அவர்கள் பக்கம் நகர்த்தினார். கட்டுரையின் கடைசியில் கிஷன் ஒரு படம் வரைந்திருந்தான். முன்பு ஒரு வருஷம் வந்த பெருவெள்ளத்தில் இவர்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. குளிர்சாதனப் பெட்டி மிதந்தது. அதைப் பற்றித்தான் எழுதியிருந்தான். ஒரு தெரு வீடுகள் சேர்ந்து வைத்துக்கொள்ளக்கூடிய சின்னப் பம்பு ஒன்றை அவனே யோசித்து வரைந்திருந்தான். ஜப்பானில் தண்ணீரை எப்படி வெளியேற்றுகிறார்கள் என்று போய்ப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவனுடைய விண்ணப்பம்.

"இதில் அவரிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன்," என்றார் பேராசிரியர். "வெள்ளம் வந்தால் முதலில் மின்சாரத்தைத்தான் நிறுத்துவார்கள். அப்போது இந்தப் பம்பு எதில் ஓடும்?"

கமலநாதன் படத்தின் மேல் குனிந்தார். கோடுகள் நேராக, சுத்தமாக இருந்தன. குழாய், வால்வு, அம்புக்குறிகள், பொடி எழுத்தில் ஆங்கிலம். பதில் அதற்குள் எங்கேயாவது இருக்கும் என்று ஒவ்வொரு அம்புக்குறியாகப் பின்தொடர்ந்து போனார். தண்ணீர் உள்ளே வந்தது, மேலே ஏறியது, வெளியே போனது. எது அதை ஓட்டியது என்று மட்டும் தெரியவில்லை.

"தெரியல," என்றார் தமிழிலேயே. பிறகு மலாயில், "எனக்குத் தெரியலை, புரொஃபசர்."

"அவன் ஏதாச்சும் யோசிச்சு வச்சிருப்பான்," என்றாள் லோகேஸ்வரி.

"வைத்திருப்பார்," என்றார் பேராசிரியர்.

வெளியே வந்தபோது மாதவி கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். "அங்கிள், சத்தியமா எங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு வாரமும் நான்தான் அந்த ஈமெயில அனுப்பறேன். இப்பவே அவரு பேர எடுத்துடறேன்."

கமலநாதன் மனைவியைப் பார்த்தார். அவள் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். இதையெல்லாம் முடித்துவிடத்தான் அவர் இவ்வளவு தூரம் வந்தார். நிறுத்தினால் திங்கட்கிழமை காலையில் இவள் என்ன செய்வாள்? நிறுத்தாவிட்டால், நாளைக்கு இன்னொன்றை அமுக்குவாளே?

"அப்புறம் சொல்றேம்மா," என்றார்.

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு மேசைக்குத் திரும்பினாள். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். சுவரைப் பார்த்துச் சிரித்துப் பழகிய பெண்தான். இவர்களைத் தாண்டிப் போகும்போது, "சாரி, ஆன்டி," என்று மெல்லச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது.

கீழே வந்தபோது வானம் கறுத்து, மழைக்கு முந்தின காற்று கிளம்பியிருந்தது. கார் நிறுத்திய இடத்துக்குப் பக்கத்துத் திடலில் மறுநாள் வேலைவாய்ப்புச் சந்தைக்காக மாணவர்கள் வெள்ளைக் கூடாரம் ஒன்றை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கயிறுகள் இன்னும் கட்டி முடியவில்லை. ஒரு பெரிய காற்று வந்து துணியைக் கீழிருந்து தூக்க, கூடாரம் நான்கு காலும் தரையை விட்டு எழும்பியது. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிக் கம்பிகளைப் பிடித்தார்கள். ஒரு மூலைக்கு ஆளில்லை.

கமலநாதன் கார்க் கதவைத் திறந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தபோது லோகேஸ்வரி பக்கத்தில் இல்லை. புடவையைச் செருகிக்கொண்டு புல்லில் வேகமாக நடந்துபோய், அந்த ஆளில்லாத காலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "ஆன்டி, விட்டுறாதீங்க!" என்று ஒரு சீனப் பையன் மலாயில் கத்தினான். மழை சடசடவென்று விழுந்தது. அவளுடைய எடை போதவில்லை. காற்று இழுக்க இழுக்க அவள் செருப்பு சேற்றில் சறுக்கியது.

கமலநாதன் ஓடினார். அவள் கைகளுக்கு மேல் தன் கைகளை வைத்து அழுத்தினார். தலைக்கு மேல் துணி ஊதிப் பெருத்து, அடங்கி, மறுபடியும் பெருத்தது. யாராவது கயிறு கொண்டுவரும்வரை விட முடியாது. இரண்டு பேரும் நனைந்தபடி அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.