குழலுக்குப் பிடித்த தோட்டா

துப்பாக்கிக்கும் ஒரு விருப்பம் உண்டு என்று அத்தானிடம் எப்படிச் சொல்வேன்? கேட்டால் சிரிப்பார். சிரித்துவிட்டு வீட்டில் அக்காவிடம் சொல்வார். உடனே அக்கா ஃபோன் பண்ணி, ராத்திரி ஒழுங்காத் தூங்குறியாடி என்று கேட்பாள்.

இப்படி நினைத்தபடியே அவள் காதுமூடியைப் பொருத்திக்கொண்டாள். உலகம் தண்ணீருக்கு அடியில் போனது. ஐம்பது மீட்டர் நீளமான சோதனைக் கூடத்தின் மறுமுனையில், விளக்கின் கீழே, வெள்ளை அட்டை ஒன்று மட்டும் மிதந்துகொண்டிருந்தது. அவளுக்கு முன்னால் இரும்புப் பிடிக்குள் பூனையின் துப்பாக்கி அசையாமல் கிடந்தது.

பூனை, துப்பாக்கி சுடும் கிளப்பின் எட்டு பேரில் கடைசியாகச் சேர்ந்த பெண். நடந்து வரும் சத்தமே கேட்காது என்பதால் மற்றவர்கள் வைத்த பெயர். இப்போதும் பின்னால் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தேர்வுப் போட்டி. எட்டில் ஆறு பேர்தான் அணிக்குள் போக முடியும். பூனை இதுவரை சுட்டுவந்தது நீலப் பெட்டித் தோட்டா. இனி எல்லோருக்கும் வேறொரு கம்பெனியின் சிவப்புப் பெட்டிதான் என்று கிளப் செயலாளர் முடிவெடுத்துவிட்டார். பெட்டிகளும் வந்து இறங்கிவிட்டன. செயலாளர் வேறு யாருமில்லை, அக்காவின் கணவர். நான்கு வருடம் முன்பு, அறையை விட்டே வெளியே வராமல் கிடந்த இவளுக்கு, துப்பாக்கிகளைச் சோதிக்கும் இந்த வேலையை வாங்கித் தந்தவரும் அவர்தான்.

சிவப்பை நிரப்பி விசையைத் தொட்டாள். முதல் இருபதை அவள் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒவ்வொரு கம்பெனியும் குண்டின் மேல் தனக்கென்று ஒரு மெழுகு பூசுகிறது. ஒன்றின் மெழுகு படிந்த குழலில் இன்னொன்றின் குண்டு ஓடினால் தடுமாறும். பழையது போய்ப் புதியது படியும் வரை காத்திருக்க வேண்டும். கல்யாணமாகிப் போன வீட்டில் முதல் மாதம் முழுக்கத் தூக்கம் வராமல் கிடந்தது அவளுக்கு நினைவு வந்தது. அங்கே யாரும் இருபது வரை காத்திருக்கவில்லை.

இருபத்தொன்றிலிருந்து கனவு தொடங்கும். கண்ணுக்குத் தெரியாததெல்லாம் அவளுக்குத் தெரியும். வெடிமருந்து எரிகிறது. குழல் மீட்டிய தந்தி போல நடுங்குகிறது. அதன் முனை மேலேறி, ஒரு கணம் தயங்கி, கீழே இறங்குகிறது. அந்தத் தயக்கத்தில் வெளியேறும் குண்டுகள் ஒன்றின் தடத்தில் ஒன்று போகும். முந்தினாலோ பிந்தினாலோ சிதறும். கம்பெனிக்குக் கம்பெனி மருந்து வேறு, எடை மயிரிழை வேறு, வேகம் வேறு. குழலும் அப்படித்தான், ஒரே ஆலையில் ஒரே வாரத்தில் செய்த இரண்டு குழல்கள்கூட ஒரே மாதிரி நடுங்குவதில்லை. பெட்டியின் மேல் எவ்வளவு பெருமை அச்சடித்திருந்தாலும் குழல் அதைப் படிப்பதில்லை.

அறைக்குள்ளேயே கிடந்த அந்த நாட்களில் அவளுக்கும் எல்லோரும் ஏதேதோ கொடுத்துப் பார்த்தார்கள். வெளியே போ, நாலு பேரிடம் பேசு, காலையில் எழுந்து நட. மற்றவர்களுக்குப் பலித்ததெல்லாம் அவளைச் சிதறடித்தது. கடைசியில் ஜன்னலே இல்லாத இந்த நீள அறை ஒத்துக்கொண்டது. அத்தான் தெரிந்து கொடுத்தாரா, கைக்கு வந்ததைக் கொடுத்தாரா என்று அவள் யோசித்ததுண்டு. எதுவானாலும் நன்றி இருந்தது. இன்று அதுதான் கனத்தது.

சிவப்பின் பத்துத் துளைகளும் ஒரு சோடா மூடி அகலத்துக்குப் பரவியிருந்தன. பிறகு நீலம்: இருபது சும்மா, பத்து கணக்குக்கு. ஒரு சட்டைப் பொத்தான் அளவுதான்.

"என்னக்கா சொல்லுது?" பூனை எப்போது பக்கத்தில் வந்தாள் என்று தெரியவில்லை.

"சிவப்பு இதுக்கு ஒத்துக்கல."

"அப்ப ஞாயித்துக்கிழமை நான் வேடிக்கை பாக்கத்தான் வரணும்."

பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. அத்தான் உள்ளே வந்து, இரண்டு அட்டைகளை மேஜைமேல் வைத்தார்.

"நீ நேத்து லீவுன்னு நானே சுட்டுப் பாத்துட்டேம்மா. இதே துப்பாக்கிதான். சிவப்பு தேவல, நீலம் தெருவெல்லாம் சுத்துது. பாரு."

பார்த்தாள். அவர் சொன்னபடியேதான் இருந்தது.

"எதை முதல்ல சுட்டீங்க அத்தான்?"

"சிவப்பு. ஒரு முப்பது போட்டேன். அப்புறம் நீலம், பத்து."

"நடுவுல?"

"நடுவுல டீ குடிச்சேன்."

பூனை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீலம் பத்தும் சிவப்போட மெழுகுல ஓடியிருக்கு அத்தான். அதான் சுத்துது. இருபது விட்டுட்டு எண்ணியிருக்கணும்."

"ஏம்மா, துப்பாக்கிக்கு நாக்கா இருக்கு, ருசி பாக்க?"

"நாக்கு இல்ல. உடம்பு இருக்கு."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபக்காரர் இல்லை, களைத்திருந்தார். "இவளுக்கு மட்டும் வேறன்னு விட்டா மத்த ஏழு பேரும் ஆளுக்கொண்ணு கேப்பாங்க. நான் எங்க போவேன்? இந்த அட்டைங்கள்ல, சோதனை பண்ணவங்கன்னு கீழ ஒரு கையெழுத்து போடு. நீ போட்டா கமிட்டி மறுபேச்சு பேசாது. உனக்காக நான் இவங்ககிட்ட எத்தனை தடவை பேசியிருக்கேன், தெரியும்ல?"

தெரியும். நடையாய் நடந்து அவர் பேசியதும், அதைச் சொல்லிச் சொல்லி அக்கா அழுததும் தெரியும். பூனை தன் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வாய்விட்டுக் கேட்டிருந்தால்கூடச் சுலபமாக இருந்திருக்கும்.

அத்தான் பேனாவை நீட்டினார். அவள் வாங்கவில்லை. அவருடைய இரண்டு அட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவர் பக்கமாக நகர்த்தினாள்.

"இதுல எதுவும் நான் சுட்டது இல்ல அத்தான். நான் போட மாட்டேன்."

"அக்காகிட்ட நான் என்னன்னு சொல்லட்டும்?"

"நான் போட மாட்டேன்னு சொல்லிட்டேன்னு சொல்லுங்க."