மூன்றாவது ஓலை

மாரிக்குப்பத்தில் பெங்களூர் ரயில் கிளம்ப அரை மணி நேரம் இருக்கும்போதே சீட்டில் பையைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவது கோலார் தங்க வயல்காரர்களின் பிறப்புரிமை. அந்தப் பையை எவனும் தொடமாட்டான். எலைனும் அன்று அப்படித்தான் போனாள். ரயிலில் குண்டு இருக்கிறதென்று எந்தப் புண்ணியவானோ போன் பண்ணின காலை அது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

திரும்பி வந்தபோது பெட்டியைக் காலி செய்துவிட்டு, அவள் பையைச் சுற்றி நாலு போலீஸ்காரர்கள் நின்றார்கள். மோப்ப நாய் முகர்ந்து பார்த்து, ஒன்றுமில்லையென்று நகர்ந்திருந்தது.

"என் பைங்க சார்," என்றாள்.

"இருக்கட்டும்மா. ரெண்டு சாட்சி வச்சுத்தான் தொறக்கணும். அது ஒங்க நல்லதுக்குத்தான்," என்றார் ஏட்டு. மரியாதையான மனுஷர்தான், குறை சொல்ல முடியாது. கண்ணில் பட்ட இருவரைக் கூப்பிட்டார். ஒருவர் தினமும் கூடப் பயணம் செய்யும் நாகேஷ். இன்னொருத்தி லூயிசா ஆன்ட்டி.

லூயிசா, டென்சிலின் அத்தை; அவன் அப்பாவின் தங்கை. டென்சிலுக்கும் எலைனுக்கும் கல்யாணம் என்று ஊரறியச் சொல்லும் கல்யாண ஓலை கோயிலில் இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. தடை இருந்தால் சொல்லுங்கள் என்று பாதிரியார் கடைசியாகக் கேட்கும் மூன்றாவது ஓலை வரும் ஞாயிற்றுக்கிழமை.

"மருந்த மட்டும் விட்டுடுங்க சார்," என்றாள் எலைன்.

"எல்லாத்தையும் எழுதணும்மா."

டிபன் டப்பா, குடை, சீப்பு என்று உரக்கச் சொல்லிச் சொல்லி எழுதினார். கடைசியாக மாத்திரை அட்டையும் டாக்டர் சீட்டும். வலிப்புக்கு மாத்திரை என்று அதையும் அதே குரலில் படித்தார். நாலு வருஷமாக ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை என்பது சீட்டில் இல்லை. டென்சிலுக்கு எல்லாம் தெரியும். வீட்டில் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றதே அவன்தான்.

லூயிசா கையெழுத்துப் போட்டாள். பை திரும்பக் கிடைத்தது. ரயில் நாற்பது நிமிஷம் தாமதமாகப் புறப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் வேறு இரண்டு ஜோடிகளின் பெயரைப் படித்துவிட்டு உட்கார்ந்தார். டென்சில் கோயில் பக்கமே வரவில்லை. எலைனுக்கு அவமானத்தைவிடக் கோபம்தான் பொங்கியது. வாசலில் லூயிசாவை மறித்தாள்.

"நான் இன்னாம்மா பண்ணட்டும்? பாத்ததத்தான் எங்க அண்ணன்கிட்ட சொன்னேன். சாட்சின்னு கையெழுத்துப் போட்டுட்டு மறைக்க முடியுமா?"

"பையில குண்டு இருக்குதான்னு பாக்கத்தான் ஆன்ட்டி ஒங்கள சாட்சிக்குக் கூப்ட்டாங்க," என்றாள் எலைன். "இல்லன்னு யார்கிட்டயாவது சொன்னீங்களா?"